கதவுக்குப் பதில் சேதுபதி

காஜா பெராங்கில் சேதுபதியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடும் பஸ்ஸை அவனைப்போல் ஓட்ட மலாக்காவில் ஆள் கிடையாது என்பது ஒன்று. பந்தயம் கட்ட அவனைப்போல் அலைகிறவனும் கிடையாது என்பது இன்னொன்று. மழை வருமா வராதா, எதிரே வரும் சைக்கிள்காரன் எந்தப் பக்கம் ஒதுங்குவான், கோவில் பூசாரி மந்திரத்துக்கு நடுவில் தும்முவாரா மாட்டாரா, எதுவானாலும் அவனுக்குப் போதும்.

ஜப்பான்காரர்கள் வருவதற்கு முன்னால் இது விளையாட்டாகத்தான் இருந்தது. ஒரு காப்பி, ஒரு சுருட்டு, அதற்குமேல் போகாது. அவர்கள் வந்து ஒரு வருஷம் போனதும் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சூதாட்டக் கொட்டகை திறந்தது. அப்போது அரிசிக்கு வரிசை, உப்புக்கு வரிசை, துணிக்கு வரிசை. வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே போகக்கூடிய ஒரே இடம் அந்தக் கொட்டகைதான். சேதுபதி நேரே உள்ளே போனான்.

வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டுக்கு மதிப்புக் குறையக் குறைய, அங்கே பொருளை வைத்து ஆடத் தொடங்கினார்கள். சேதுபதி முதலில் சைக்கிளை விட்டான். பிறகு சுவர்க் கடிகாரத்தை விட்டான். "இப்போ எல்லாரும் தோக்கியோ நேரம்தான் பார்க்கணுமாம். நம்ம கடிகாரத்துக்கு அது தெரியாது" என்று வீட்டில் சமாதானம் சொன்னான். மூன்றாவதாக வாசல் கதவை விட்டான்.

அது அவன் கதவு அல்ல, அவன் மனைவி சிவகாமியின் வீட்டுக் கதவு. செங்கால் மரத்தில் செய்தது. கரையானால் பல் பதிக்க முடியாத மரம் அது. நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம்.

சிவகாமி மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்கிறவர்கள் என்பதால் அவர்கள் வீட்டில் மலாய்தான் பேச்சு. சாமி பெயர்களையும் சில உறவுமுறைகளையும் தவிர அவளுக்குத் தமிழ் தெரியாமல் இருந்தது. எஸ்டேட்டை விட்டு பஸ் ஓட்ட வந்த சேதுபதியைக் கட்டிக்கொண்ட பிறகு, கூடவே இருந்த தங்கை கோகிலாவோடு சேர்ந்து அவனிடம்தான் கற்றாள். அதனால் அவள் தமிழில் பாதி பஸ் தமிழ். வீட்டுக்கு வந்தவர்களை "ஏறுங்க, ஏறுங்க" என்று வரவேற்பாள். "உள்ளே தள்ளி உக்காருங்க" என்பாள். கோபம் எல்லை மீறினால் மட்டும் முழு மலாய்க்குத் தாவிவிடுவாள். அந்த நேரத்தில் சேதுபதி வாயைத் திறக்க மாட்டான்.

அம்மன் கோவில் திருவிழா அன்று சிவகாமியும் கோகிலாவும், சேதுபதியின் சிறுமகள் விஜயாவை அழைத்துக்கொண்டு காலையிலேயே கோவிலுக்குப் போய்விட்டார்கள். ஆட்டத்தில் ஜெயித்தவன் மாட்டு வண்டியோடு வந்தான். கீல்களைக் கழற்றிக் கதவை ஏற்றிக்கொண்டு போனான். மத்தியானம் பெண்கள் திரும்பியபோது வாசல் பல் விழுந்த வாய்போல இருந்தது. அதற்கு நடுவில் சேதுபதி நின்றுகொண்டிருந்தான்.

"கதவு எங்கே?" என்றாள் சிவகாமி.

"கரையான்" என்றான் சேதுபதி. "உள்ளுக்குள்ளேயே அரிச்சிருக்கு. இன்னைக்குத்தான் பார்த்தேன். ஆசாரிகிட்ட குடுத்திருக்கேன்."

கோகிலா வாயைத் திறந்தாள். சிவகாமி அவள் கையை அழுத்தினாள்.

"ஓ, கரையானா?" என்றாள் சிவகாமி. "எப்போ வரும்?"

"ரெண்டு நாள்ல."

வாசலில் ஒரு கோணிச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். இரண்டு நாள் ஆனதும் சிவகாமி அவனை ஆசாரியிடம் போய்க் கேட்டுவரச் சொன்னாள். அவன் புக்கிட் பாரு பக்கம் நடந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினான். ஆணி கிடைக்கவில்லையாம் என்றான். அடுத்த முறை ஆசாரிக்கு வயிற்று வலி. அதற்கும் அடுத்த முறை ஆசாரியின் மனைவிக்குப் பிரசவம்.

"என்ன குழந்தை அத்தான்?" என்றாள் கோகிலா அக்கறையாக.

"ஆம்பளைப் பிள்ளை."

"பேரு வச்சாச்சா?"

சேதுபதி யோசித்தான். "ஜெயபாலன்" என்றான்.

"நல்ல பேரு" என்றாள் சிவகாமி, கிழங்கை உரித்தபடி.

இப்படி இல்லாத ஆசாரியின் இல்லாத பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. சேதுபதியோ கதவை எப்படியாவது ஜெயித்துத் திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று நினைத்திருந்தான். அப்படி மாட்டிவிட்டால் சொன்ன பொய்யெல்லாம் மெய்யாகிவிடும் என்று அவன் மனம் கணக்குப் போட்டது. ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தன் நல்ல சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான்.

அங்கே அவன் கதவு இருந்தது. நான்கு பீப்பாய்களின்மேல் மல்லாக்கப் படுக்கப் போட்டு, அதைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பகடைகள் அதன்மேல் உருண்டன. "வா சேது, உன் வீட்டு மேசைதான், கூச்சப்படாம உக்காரு" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

முதலில் உருட்டும் முறை அவனுக்கே. பகடையைக் கையில் எடுத்து உருட்டப்போனபோது கீழே பார்த்தான். கதவின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் சிவகாமி வைப்பது. மஞ்சள் கிடைக்காத இந்தக் காலத்திலும் எங்கெங்கோ கேட்டு வாங்கிவந்து வைப்பாள். யாரோ அதன்மேல் சுருட்டுச் சாம்பலைத் தட்டியிருந்தார்கள்.

பகடை தானாக நழுவிக் கீழே விழுந்தது. "ஆடுறியா இல்லையா?" என்று கேட்டார்கள். அவன் சட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். பின்னால் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்பது அவன் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து சாக்கை விலக்கினான். சாக்குக்குப் பின்னால், வாசலைப் பார்த்தபடி, சிவகாமி உட்கார்ந்திருந்தாள். மடியில் வெட்டுக்கத்தி. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அவன் கொட்டகையில் இருந்த நேரமெல்லாம், பொய் ஆசாரியைத் தேடிப் போன நேரமெல்லாம், அவன் குறட்டை விட்டுத் தூங்கிய நேரமெல்லாம், அவளும் கோகிலாவும் முறை வைத்துக்கொண்டு இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். குடித்துவிட்டு வரும் சிப்பாய்களைப் பற்றி ஊரில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. ஆனால் வயசுப்பெண் இருக்கிற வீடுகளில் பொழுது சாய்வதற்கு முன்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். அந்த ஒரு வீட்டில் மட்டும் கேட்காது.

சேதுபதிக்கு அன்றுதான் அது உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கதவைக் கரையான் தின்னலை" என்றான். "நான்தான் தின்னுட்டேன். ஆட்டத்துல விட்டுட்டேன்."

"தெரியும்" என்றாள் சிவகாமி.

"எப்போலேர்ந்து?"

"நீங்க கரையான்னு சொன்னப்பவே."

"செங்கால் மரத்தைத் தின்ற கரையான் உலகத்துலேயே நம்ம வீட்லதான் இருக்கு" என்றாள் கோகிலா உள்ளேயிருந்து.

"அப்புறம் ஏன் என்னைத் தினமும் ஆசாரி வீட்டுக்கு அனுப்பினே?"

"ஒரு நாளாவது திரும்பி வந்து உண்மையைச் சொல்வீங்கன்னு அனுப்பினேன்" என்றாள் சிவகாமி. மடியிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இல்லேன்னாலும் நடந்தா காலுக்கு நல்லது" என்றாள்.

அவன் அழுதான். அம்மன்மேல் சத்தியம் செய்யப்போனான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"சாமிய இழுக்காதீங்க. சைக்கிள் போனப்பவும் சத்தியம் பண்ணீங்க. கதவு போனதுல எனக்குப் பாதி கோவம்தான். மீதி கோவம் அந்த ஜெயபாலன்மேல. எத்தனை நாளு அந்தப் பிள்ளைய வளத்தீங்க! இனிமே சத்தியம் வேணாம். ஒரு வேலை செய்ங்க. எனக்குக் கதவு இல்லை. நீங்கதான் கதவு."

"என்னது?"

"நீங்கதான் பிந்து. விளக்கு வைக்கறதுக்கு முன்னாடி வரணும். வாசல்ல குறுக்கே படுக்கணும். காலையில நான் எழுப்பறவரைக்கும் நகரக்கூடாது. கதவு எங்கயாவது எழுந்து ஆடப் போவுமா?"

மலாயில் கதவுக்குப் பிந்து என்று பெயர். மறுநாள் பொழுது விடிவதற்குள் காஜா பெராங் முழுவதும் அவனுக்கு அதுவே பெயர் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து சேதுபதி விளக்கு நேரத்துக்கு வீட்டில் இருந்தான். ஆயர் குரோவிலிருந்து கடைசி பஸ்ஸைக் கொண்டுவந்து விட்டதும் ஓட்டமும் நடையுமாக வருவான். வாசற்படியில் பாயை விரித்துக் குறுக்கே படுப்பான். விஜயா அவன் முழங்காலை டொக் டொக் என்று தட்டி, "கதவு, திற" என்பாள். அவன் கிரீச் என்று சத்தம் கொடுத்துக்கொண்டே காலை மடக்கி வழிவிடுவான். எதிர்வீட்டுச் சாரதாம்பாள் தெருவோரத்தில் கிழங்குப் பலகாரம் விற்பவள். காலையில் கூடையோடு போகும்போது, "என்ன தம்பி, சாத்தியிருக்கியா, தொறந்திருக்கியா? கொஞ்சம் எண்ணெய் போட்டுக்கோ, ராத்திரி ரொம்பச் சத்தம் போடுது" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். எண்ணெய் கிடைக்காத காலம். ஆனாலும் தெருவே சிரித்தது.

கேலியைத் தாங்கிக்கொண்டான். கை அரிப்பதைத்தான் தாங்க முடியவில்லை. வாசலில் மல்லாக்கப் படுத்துக் கூரையைப் பார்த்தால் அங்கே இரண்டு பல்லிகள். எது முதலில் பூச்சியைப் பிடிக்கும்? உள்ளங்கை வியர்த்துவிடும். கொட்டகையின் சத்தமும் புகையும் ஞாபகத்துக்கு வந்து நெஞ்சில் ஏறி உட்காரும். ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் சிவகாமியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான்.

"இங்க ரெண்டு பல்லி இருக்கு. எனக்கு ஒண்ணுமேல பந்தயம் கட்டணும்போல இருக்கு. கால் தானா எழுந்து ஓடப் பார்க்குது."

சிவகாமி அடுப்படியிலிருந்து வந்து கூரையைப் பார்த்தாள். திட்டவில்லை. "எந்தப் பல்லி?" என்று கேட்டாள்.

"வால் அறுந்தது."

"ஆலாமாக்! ஐயோ, அது நொண்டி அத்தான், பெரிசுதான் ஜெயிக்கும்" என்று கோகிலா ஓடிவந்தாள்.

"கோகிலா! அவரு விடணும்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. நீ ஏன் ஆட்டத்துல சேர்ற?"

மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது சேதுபதியின் கை சும்மா இருந்தது. அதன்பிறகு அரிப்பு வரும்போதெல்லாம் சொல்லிவிடுவான். சொன்னால் இரண்டு பெண்களும் கேலி செய்வார்கள். கேலியில் பாதி அரிப்பு அடங்கும். மீதியை அடக்கிக்கொண்டு படுத்திருப்பான்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் சிப்பாய் ஒருவன் தனியாக அந்தத் தெருவுக்குள் வந்தான். தாழ்ப்பாள்கள் படபடவென்று விழுந்தன. கதவு இல்லாத வாசலைப் பார்த்து அவன் நின்றான். சேதுபதி எழுந்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான். சிப்பாய் துப்பாக்கி முனையால் சாக்கை விலக்கப் பார்த்தான். சேதுபதிக்குப் பஸ்ஸில் காதில் விழுந்த ஜப்பான் வார்த்தைகளில் ஒன்று ஞாபகம் வந்தது. "ப்யோக்கி! ப்யோக்கி!" என்றான். நோய், நோய் என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே உடம்பெல்லாம் சொறிந்தான். ஊரில் எல்லோருக்கும் சிரங்கு இருந்த காலம், அவனுக்கும் இருந்தது. ஆகவே நடிப்பு நன்றாகவே அமைந்தது. சிப்பாய் முகத்தைச் சுளித்து, ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை சேதுபதி குனிந்தே நின்றான். சாக்குக்குப் பின்னாலிருந்து சிவகாமி வந்தாள். அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெகுநாளுக்குப் பிறகு அவள் அவனைத் தொட்டது அப்போதுதான்.

"வலிக்குதா?"

"இல்லை."

"பொய்யா?"

"வலிக்குது."

"பழைய கதவா இருந்தா இப்படிச் சொறிஞ்சிருக்காது" என்றாள் கோகிலா. ஆனால் அவள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

இதற்குப் பிறகு எல்லாம் நேராகப் போயிருக்க வேண்டும். சேதுபதி அப்படிப்பட்டவன் அல்ல.

புக்கிட் பாரு ஏற்றத்தில் கரி பஸ் மூச்சு வாங்கும். பாதியில் நின்றுவிட்டால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஒரு நாள் சேமாபோக்கிலிருந்து வந்த சேதுராமன் என்ற பெரியவர், கோழி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வண்டியாவது, தள்ளாம ஏறுறதாவது! ஏறிச்சுன்னா இந்தக் கோழி உனக்கு" என்றார். சேதுபதிக்கு ரோஷம் வந்ததா, பழைய சூடு வந்ததா, அவனுக்கே தெரியாது. "ஏறலைன்னா என் இடுப்பு பெல்ட்டு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டான். அடுப்பில் கரியை வாரிப் போட்டு மிதித்தான். பஸ் இருமியது, குலுங்கியது, ஏறிவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். உச்சியில் நின்றபோது அவனுக்கு ஆகாயத்தில் பறப்பதுபோல் இருந்தது.

கோழியோடு வீட்டுக்கு நடக்கும்போதுதான் பயம் வந்தது. தோற்றிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. ஜெயித்த ருசி இன்னும் நாக்கில் இருந்தது. பயணி ஒருவர் கொடுத்தார் என்று சொல்லலாம். அது பாதி உண்மைதான். வாசலில் நின்று வாயைத் திறந்தான். மூன்று பேரும் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடு கோழிக்கறியைக் கண்டு மாதக்கணக்கு ஆகியிருந்தது.

"பந்தயத்துல ஜெயிச்சேன்" என்றான். "பஸ் ஏறுமான்னு. வேணும்னு செய்யலை. ஆனா செஞ்சுட்டேன்."

கோகிலா தலையில் அடித்துக்கொண்டாள். "அத்தான்! இத்தனை நாளு பொய்யா சொன்னீங்க. இன்னைக்கு ஒரு நாள் பொய் சொல்லியிருக்கக்கூடாதா? குழம்பு வச்சு முடிச்ச பிறகு உண்மைய சொல்லியிருக்கலாமே!"

சிவகாமி கோழியைத் தடவிக் கொடுத்தாள். அவள் எச்சில் விழுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. "திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

"இப்பவா?"

"இப்பவே. விளக்கு வைக்க இன்னும் நேரம் இருக்கு. எறங்குங்க."

சேமாபோக்குக்கு நடந்தே போனான். சேதுராமன் கோழியைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.

"ஆட்டம்னா ஆட்டம். குடுத்ததைத் திரும்ப வாங்கற வம்சம் இல்லை எங்களது."

"வாங்கிக்குங்க ஐயா. வீட்ல ஏத்துக்க மாட்டேங்கறாங்க."

"ஏன், கோழிக்குச் சீக்கா?"

"எனக்குத்தான் சீக்கு" என்றான் சேதுபதி.

பெரியவர் புரியாமல் பார்த்தார். அவன் கதவுக் கதையைச் சுருக்கமாகச் சொன்னான். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என் மச்சான் ஒருத்தன் இப்படித்தான். இப்போ எங்க இருக்கான்னே தெரியலை" என்றார். அப்போதும் கோழியை வாங்கவில்லை. சேதுபதி பேசிக்கொண்டே பின்பக்கம் போய், கோழியை அவருடைய கூட்டுக்குள் விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தான். "டேய், நில்லுடா!" என்று அவர் தடியோடு கொஞ்ச தூரம் துரத்தினார். கோழியைத் திருடியவனைத்தான் துரத்துவார்கள். கொடுத்துவிட்டு ஓடுகிறவனை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

மழைக்காலம் வந்தபோது சிவகாமிக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. தினமும் ஒரு வேளை நடுங்கினாள். சாக்கு, பாய், விஜயாவின் பாவாடை என்று எதைப் போர்த்தினாலும் குளிர் அடங்கவில்லை. அதற்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை ஆஸ்பத்திரியில் இல்லை. முன்பு எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்த ஒருவர் கடைத்தெருவில் ரகசியமாக வைத்திருந்தார். தங்கம் கொடுத்தால்தான் கொடுப்பார்.

சிவகாமி கோகிலாவைக் கூப்பிட்டு மலாயில் ஏதோ சொன்னாள். கோகிலா அடுப்படியிலிருந்து ஒரு சின்ன முடிச்சைக் கொண்டுவந்தாள். அதில் சிவகாமியின் அம்மா கொடுத்த கெரோசாங் இருந்தது. கெபாயா மேல்சட்டையின் முன்பக்கம் குத்திக்கொள்ளும் மூன்று தங்க ஊசிகள், சங்கிலியால் கோத்தவை. கொட்டகை திறந்த நாளிலிருந்தே அவள் அதை ஒளித்து வைத்திருந்தாள். சேதுபதி அப்படி ஒன்று வீட்டில் மிச்சம் இருக்கிறது என்பதையே மறந்திருந்தான்.

கோகிலா தெருவில் தனியாகப் போக முடியாது. வீட்டில் வேறு ஆள் இல்லை. சிவகாமி நடுங்கும் கையால் முடிச்சை அவன் பக்கம் நீட்டினாள்.

"கொண்டு போங்க" என்றாள். "நம்பித்தான் குடுக்கறேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் அவன் இத்தனை மாதம் வாசலில் படுத்துக் கிடந்தான். ஆனாலும் கையை நீட்டாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என் கையில குடுக்காதே, சிவகாமி."

"ஏன்?"

"டிரஸ்ஸர் வீட்டுக்குக் கொட்டகையைத் தாண்டித்தான் போகணும். இப்போ இந்த நிமிஷம் கேட்டா, நேரே போயிட்டு நேரே வருவேன்னுதான் சொல்வேன். சைக்கிளோட கிளம்பினப்பவும் அப்படித்தான் நெனச்சுக் கிளம்பினேன். நான் கூட வரேன். ஆனா இதை வேற யாராவது எடுத்துக்கட்டும்."

கோகிலா முதல்முறையாகக் கேலி எதுவும் சொல்லவில்லை. எழுந்துபோய்ச் சாரதாம்பாளைக் கூப்பிட்டு வந்தாள்.

சாரதாம்பாள் முடிச்சை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "வா தம்பி, போலாம். என் இடுப்புலேர்ந்து ஒரு பொருளை எடுக்க என் புருஷனாலேயே முடிஞ்சதில்லை. நீ எம்மாத்திரம்" என்றாள்.

கடைத்தெருவுக்குப் பின்பக்கம் திரும்பியதும் கொட்டகையின் சத்தம் கேட்டது. பகடை உருளும் சத்தம். சேதுபதியின் நடை தளர்ந்தது. காய்ச்சலில் கிடக்கிற மனைவியின் முகத்தை நினைத்துப் பார்த்தான். அந்த முகத்தின்மேலேயே பகடை உருண்டது. ஒரு ஊசியை வைத்து ஆடினால் மூன்று ஊசியாக்கி மருந்தோடு அரிசியும் வாங்கிப் போகலாமே என்று உள்ளே ஒரு குரல் இதமாகப் பேசியது. 

"அக்கா, பேசிட்டே வாங்க" என்றான். "எதையாவது பேசுங்க. நிறுத்தாதீங்க."

சாரதாம்பாளுக்கு அதைவிடச் சுலபமான வேலை கிடையாது. தன் புருஷனின் குறைகளைக் கல்யாண நாளிலிருந்து வரிசையாகத் தொடங்கினாள். அவர் சாப்பிடும் சத்தம், மாமியாருக்குப் பயந்தது, மாட்டு வண்டியிலிருந்து விழுந்தது. கொட்டகை வாசலில் நின்றிருந்த ஒருவன், "வா சேது, உன் மேசை காலியாத்தான் இருக்கு" என்றான். "போடா, அவனே இப்போ ஒரு வீட்டுக்குக் கதவு. நீ யாருக்கு என்னவா இருக்கே?" என்று அவனுக்கும் ஒன்று கொடுத்துவிட்டுக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவர் பல் விழுந்த கட்டத்துக்கு வந்தபோது கொட்டகை வெகுதூரம் பின்னால் போயிருந்தது.

டிரஸ்ஸர் மூன்று ஊசியும் கேட்டார். சாரதாம்பாள் பலகாரம் விற்ற வாயால் அவரோடு மல்லுக்கு நின்று ஒரே ஊசிக்கு மாத்திரையை வாங்கினாள். மற்ற இரண்டும் வீடு திரும்பின.

காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்த அன்று சிவகாமி அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நான் நம்பிக் குடுத்தேன். நீங்க வாங்கலை" என்றாள்.

"என்னை நானே நம்பலை."

"அதுதான் எனக்குப் பிடிச்சது. கல்யாணம் ஆன நாளா உங்கள நம்பறதா வேணாமான்னு நமக்குள்ள சண்டை. இப்போதான் ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்கறோம்."

அந்த வருஷக் கடைசியில், பஸ் கொட்டடியில் உடைந்து கிடந்த பலகைகளைக் கேட்டு வாங்கி, ஓர் உண்மையான ஆசாரியைப் பிடித்து, வாசலுக்கு ஒரு கதவு செய்தார்கள். கோணலான கதவுதான். கீழ்ப்பக்கத்தைக் காலால் தூக்கிவிட்டால்தான் மூடும். ஆனாலும் தாழ்ப்பாள் விழுந்தது. கூலி வாங்க நின்ற ஆசாரியிடம் கோகிலா, "உங்க பையன் ஜெயபாலன் சௌக்கியமா?" என்று கேட்டாள். அவர், "எனக்கு எல்லாம் பொண்ணும்மா" என்று திகைத்தார். சேதுபதி வீட்டின் பின்பக்கம் போய் நின்றுகொண்டான். உள்ளே மூன்று பெண்களும் சிரிக்கும் சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்று சிவகாமி அவன் பாயை எடுத்துக் கூடத்துக்குள் போட்டாள்.

பஸ் முதலாளிக்கு ஆள் பற்றாக்குறை. டிக்கெட் கொடுப்பவன் வேலையை விட்டுவிட்டுக் கிழங்கு நடப் போய்விட்டான். "நீயே காசுப் பையையும் மாட்டிக்கோ சேது, சேர்த்துக் கூலி தரேன்" என்றார் முதலாளி. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றான் சேதுபதி. முதலாளி சிரித்தார். அவன் உண்மையிலேயே கேட்டான்.

"இப்போ வேணாம்" என்றாள் சிவகாமி.

"எப்போ?"

"தெரியலை. கேட்டுக்கிட்டே இருங்க."

தனக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது நிம்மதிதான். முதலாளியிடம் போய், "வீட்டுக்காரி வேணாங்கறா" என்றான். டிக்கெட் கொடுக்க வேறு ஆள் வந்தான்.

மறு வருஷம், மழை விட்ட ஒரு காலையில், சிவகாமி சேமாபோக்கில் ஓர் உறவுக்காரியைப் பார்க்கப் பஸ் ஏறினாள். பஸ் நிறைந்துவிட்டது. டிக்கெட் கொடுப்பவனுக்குக் காய்ச்சல், வரவில்லை என்று ஆள் வந்து சொன்னான். காசுப் பை ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. சேதுபதி அதைத் தொடாமல் முதலாளி வருவாரா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆட்கள் முணுமுணுத்தார்கள். சிவகாமி எழுந்து வந்தாள். பையை எடுத்து அவன் தோளில் மாட்டினாள். வார் முறுக்கிக்கொண்டிருந்ததை நேராக்கிவிட்டாள். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் ஒவ்வொருவரிடமும் போய்க் காசு வாங்கினான். கடைசியாக அவளிடமும் கையை நீட்டினான். அவள் முறைத்துக்கொண்டே கொடுத்தாள். பிறகு கரியைக் கிளறிவிட்டு வண்டியை எடுத்தான்.

ஊரைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தான். சிவகாமி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பையின் பக்கம் ஒரு கண்கூட வைக்கவில்லை. சேதுபதி வேகத்தைக் குறைத்தான். பள்ளங்களையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினான்.

"என்ன சேது, மாட்டு வண்டியா ஓட்டறே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"சத்தம் போடாதீங்க ஐயா" என்றான் அவன், திரும்பாமலே. "ஆள் தூங்குது."